செவலையும் நானும் சேர்ந்து ஓடுகிற இருபது நிமிடம்

தினமும் காலையில் ஒரு மணி நேரம் என் நாய் செவலையைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நான் நாற்காலியில் சாய்வேன், அவள் நேராக வாசலுக்குப் போய் யாருடைய செருப்பையாவது கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுவாள். சரி, நடை போதவில்லை போல என்று ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று நீட்டிப் பார்த்தேன். செருப்பு கிழிவது நிற்கவில்லை. கால் களைக்கிறது, தலைக்கு வேலையே இல்லாமல் இருக்கிறது என்பது எனக்குப் புரிய ஓராண்டு ஆனது.

இப்போது நாங்கள் அஜிலிட்டி என்கிற நாய்த் தடையோட்டம் செய்கிறோம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், அதில் நிஜமாக ஓடுவது ஆறேழு நிமிடம்தான் இருக்கும். மற்ற நாட்களில் நடை அப்படியே தொடர்கிறது. அந்த இருபது நிமிடம் முடிந்ததும் செவலை தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் அசைய மாட்டாள், என் சட்டை பிழிந்தால் நீர் சொட்டும். எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் உடற்பயிற்சி ஆகிற வேறு வழி எதையும் நான் இதுவரை கண்டதில்லை, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: தடைகளை ஒரு வரிசையில் வைத்திருப்பார்கள். நாய் கயிறு இல்லாமல் அதே வரிசையில் தாண்டி, நுழைந்து, ஏறி, வளைந்து போக வேண்டும். கூட ஓடுகிறவர் நாயையும் தொடக் கூடாது, தடையையும் தொடக் கூடாது, குரலாலும் உடம்பாலும் மட்டும்தான் வழி சொல்ல முடியும். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. குதிரைகளோடு பழகிய ஜான் வார்லி என்பவர், நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லோடு சேர்ந்து, குதிரைகளுக்கு வைப்பது போன்ற தடைகளை நாய் அளவுக்குச் செய்து ஓடவிட்டார். இடைவெளியை நிரப்ப வந்தது கூட்டத்துக்குப் பிடித்துப்போய், 1980-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. இந்தப் பூர்விகம் தெரிந்தால் சாமான்களின் அமைப்பும் புரியும். குதிரைத் தடையில் கம்பு தட்டினால் விழுந்துவிடும் அல்லவா, நாய்த் தடையிலும் அப்படியே விழ வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான்.

எங்களுடைய ஜம்ப், அதாவது தாண்டுகிற தடை, இரண்டும் பிவிசி குழாயில் நானே செய்தவை. கம்பை முட்டுக்குள் செருகிவிடாதீர்கள், ஒட்டியும் விடாதீர்கள். பக்கத்துத் தூணில் சின்னத் தாங்கியை வைத்து அதன் மேல் சும்மா கிடக்க வேண்டும், நாயின் நகம் பட்டாலும் உருண்டு விழ வேண்டும். அசையாத கம்பில் முழு வேகத்தில் வருகிற நாயின் கால் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கம்பில் நீலமும் மஞ்சளும் மாறி மாறிப் பட்டை அடித்திருக்கிறேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும் பிரித்துத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். பச்சைப் புல்லில் சிவப்புக் கம்பு வைத்தால் நம் கண்ணுக்குத்தான் பளிச்சென்று இருக்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஒரு மாதம் கம்பு தரையில்தான் கிடந்தது. அப்புறம் அவளுடைய முன்காலின் மணிக்கட்டு உயரம். அவ்வளவுதான். தாண்டுவது நாய்க்குப் பெரிய விஷயமே இல்லை, எந்த நாயும் தாண்டும். எங்கே கால் ஊன்றி எழும்புவது, எப்படித் திரும்பியபடியே இறங்குவது என்பதைத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு உயரம் தேவையே இல்லை. குட்டி நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எலும்பு நுனிகளில் இருக்கிற வளர்ச்சிப் பகுதி மூடுவதற்குப் பெரிய நாய்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை வயது வரை ஆகலாம், சில பேரினங்களுக்கு இன்னும் கூட ஆகும். போட்டியிலேயே அமெரிக்கன் கென்னல் கிளப் 15 மாதம் முடியாத நாயை விடுவதில்லை, சர்வதேச நாய் அமைப்பான எஃப்சிஐயின் விதிப்படி 18 மாதம். உங்கள் நாய் எப்போது தாண்டலாம் என்பதைக் கால்நடை மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை குட்டியோடு செய்ய வேலையா இல்லை? டன்னல் என்கிற, உள்ளே நுழைந்து ஓடுகிற குழாய் இருக்கிறது, தரையில் கிடக்கிற கம்புகள் இருக்கின்றன, கூப்பிட்டால் திரும்பி வருவது இருக்கிறது.

ஆரம்பிக்கிறவர்கள் ஒரே ஒரு சாமான் வாங்குவதாக இருந்தால் டன்னல் வாங்குங்கள். போட்டி டன்னலின் விட்டம் 60 செ.மீ., வீட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் சிறியதும் சரிதான், நாய் குனிந்து தவழாமல் ஓடிப் போக முடிந்தால் போதும். நான் முதலில் வாங்கியது மெல்லிய துணியில், உள்ளே சுருள் கம்பி வெளியே துருத்துகிற மாதிரி இருந்தது. பத்தே நாளில் தையல் பிரிந்தது, காற்றடித்தால் நாய் உள்ளே இருக்கும்போதே உருண்டது. அதனால் சொல்கிறேன், டன்னல் எதுவானாலும் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் கட்டிவிடுங்கள். முதல் நாள் அதை முழுக்கச் சுருக்கி ஒரு வளையம் போல வைத்துவிட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டேன். தலையை நீட்டினாள், ட்ரீட், அதாவது ஒரு துண்டுத் தீனி. ஒரு கால் வைத்தாள், ட்ரீட். நான்காவது நாள் முழு நீளத்துக்கு விரித்ததும் ஒரே பாய்ச்சல், வெளியே வந்ததும் நான் கேட்காமலேயே திரும்பி மறுபடி உள்ளே போனாள். கழுத்துக் கயிறு போட்டு இழுத்து உள்ளே விட்டிருந்தால் அந்த இரண்டாவது பாய்ச்சல் எனக்குக் கிடைத்திருக்காது. டன்னலுக்குள் போகும்போது கயிறும் தொங்குகிற கழுத்துப்பட்டையும் கழற்றிவிடுங்கள், எங்காவது மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது வீவ் கம்பங்கள். வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவது. போட்டியில் 12 கம்பம், இடைவெளி 60 செ.மீ., எப்போதும் முதல் கம்பம் நாயின் இடது தோளுக்குப் பக்கம் வருகிற மாதிரித்தான் நுழைய வேண்டும். மற்ற எல்லாத் தடைகளுக்கும் நாயின் இயல்பில் ஏதோ ஒரு மூலை இருக்கிறது, எந்த நாயும் தானாகவே ஓடும், தாண்டும், பொந்தில் நுழையும். கம்பங்களுக்கு நடுவே சீராக வளைந்து போகிற நாய் இயற்கையில் கிடையாது, நாம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நான் கம்பங்களை முதலில் இரண்டு வரிசையாகப் பிரித்து நடுவில் ஒரு சந்து விட்டேன். செவலை நேராக அந்தச் சந்துக்குள் ஓடினாள். வாரத்துக்கு இரண்டு விரல்கடை வீதம் சந்தைக் குறுக்கினேன். ஒரு கட்டத்தில் அவளுக்கே தெரியாமல் உடம்பு வளைய ஆரம்பித்தது. ஆறு கம்பம் ஒரே நேர்கோட்டுக்கு வருவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதை முதல் தடவை அவள் தவறாமல் முடித்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இது முதுகெலும்புக்கும் தோளுக்கும் கடுமையான வேலை, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் செய்யவிடுவதில்லை. அஜிலிட்டி நாய்களுக்கு அதிகம் அடிபடுகிற இடமே தோள்தான்.

இனி என் உடம்பைப் பற்றி. நாய் ஓடும், நாம் நடுவில் நின்று கை காட்டலாம் என்று நினைத்துத்தான் போனேன். அது நடக்காது. ஒரு ஓட்டத்தில் இருபது தடை வரை வரும், நல்ல நாய் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். நாய் எடுக்கிற பாதையைவிட நம் பாதை குறுக்குவழியாக இருந்தாலும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் நாய் வருவதற்குள் நாம் அங்கே இருக்க வேண்டும். பத்து மீட்டர் பாய்ச்சல், சடாரென்று நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்ச்சல். நாற்பது விநாடி உயிரைக் கொடுத்து ஓடி, இரண்டு நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடி ஓடுகிறோம். ஜிம்மில் இன்டர்வல் பயிற்சி என்று செய்கிறார்களே, அதேதான். முதல் இரண்டு வாரம் எனக்குக் கெண்டைக்காலும் தொடையின் உள்பக்கமும் பிடித்துக்கொண்டன. அதற்கப்புறம்தான் செவலைக்கு முன்னால் நானும் உடம்பைச் சூடாக்க ஆரம்பித்தேன். ஷூவும் முக்கியம், புல்லில் வழுக்காத அடிப்பாகம் வேண்டும். நாய்க்கு முன்னால் நாம் விழுந்தால் நமக்கு மட்டும் அடிபடாது, பின்னால் வருகிற நாயும் மோதும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஓர் அக்கா. மூன்று நாய்களோடு பல வருடமாக இதைச் செய்கிறவர். ஒருநாள் நான் "டன்னல், டன்னல்" என்று கத்திக்கொண்டே ஓட, செவலை ஜம்பைத் தாண்டிவிட்டு வேறு பக்கம் போனாள். நான் அவளைக் கோபமாகக் கூப்பிட்டேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"தம்பி, அவ சரியாத்தான் போனா. வாய் டன்னல்னு சொல்லுது, உங்க தோளும் காலும் ஜம்பைப் பாத்து நிக்குது. அவ எதை நம்புவா?"

அப்படியே திரும்பி என் காலைப் பார்த்தேன். நிஜம்தான். நாய்க்கு நம் சொல் கடைசியில்தான் போய்ச் சேருகிறது. அதற்கு முன்னால் நம் பாதம் எந்தப் பக்கம் இருக்கிறது, மார்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நாம் வேகம் கூட்டுகிறோமா குறைக்கிறோமா என்பதெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அடுத்து திருப்பம் என்று புரிந்துகொள்வாள். வேகமாகவே போனால் நேராகப் போ என்று அர்த்தம். அன்றிலிருந்து ஒரு மாதம் செவலையை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் தடைகளுக்கு நடுவே ஓடிப் பார்த்தேன். ஃபிரன்ட் கிராஸ் என்பது நாய்க்கு முன்னால் போய், நாயைப் பார்த்தபடியே திரும்பிப் பக்கம் மாறுவது. ரியர் கிராஸ் என்பது நாயை முன்னால் போகவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் குறுக்கே கடந்து மாறுவது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஓட்டத்தின் நடுவில் எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும் என்பது உடம்புக்குத் தானாக வரவேண்டும், யோசித்தால் நாய் போய்விட்டிருக்கும். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு செவலை தவறான தடைக்குப் போவது பாதிக்கும் மேல் குறைந்தது, அவளுக்கு நான் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

சீசா என்கிற ஏறி இறங்கும் பலகையைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. டன்னலும் தரையில் கிடந்த கம்பும் வேகமாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் மூன்றாவது வாரமே ஒரு நீளப் பலகைக்கு நடுவில் கட்டையைக் கொடுத்து அவளை ஏற்றிவிட்டேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். நடு இடத்தைத் தாண்டியதும் அவளுடைய பக்கம் சரிந்து தரையில் மடார் என்று மோதியது. அவள் பக்கவாட்டில் குதித்து, வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் வேலி ஓரமாக ஒடுங்கி நின்றாள். அவளுக்கு அடிபடவில்லை. ஆனால் அதற்கப்புறம் தரையில் எந்தப் பலகை கிடந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவளைப் பயப்பட வைத்தது நான், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

மீட்டு எடுக்க ஒன்பது வாரம் ஆனது. முதலில் பலகை மட்டும், அசையாமல் தரையில். அதன் மேல் நடந்தால் ட்ரீட், நடக்காவிட்டாலும் ஒன்றும் சொல்வதில்லை. தனியாக ஒரு சின்னச் சதுரப் பலகையின் கீழே துணிப் பந்து கட்டி வைத்தேன், அதில் ஏறினால் லேசாக ஆடும், காலுக்குக் கீழே தரை அசைவது ஒன்றும் ஆபத்தில்லை என்று அதில் பழகினாள். சத்தத்துக்குத் தனி விளையாட்டு: ஒரு தகரத் தட்டை அவளே முன்காலால் தட்டிச் சத்தம் எழுப்பினால் ட்ரீட். சத்தம் மேலே இருந்து விழுகிற ஒன்றாக இல்லாமல் அவளே உண்டாக்குகிற ஒன்றாக ஆனதும் பயம் போய்விட்டது. கடைசியாகத்தான் சீசா, இரண்டு முனைக்கும் கீழே தடித்த மெத்தை போட்டு நான்கு விரல் அளவு மட்டும் இறங்குகிற மாதிரி. வாராவாரம் மெத்தையைக் குறைத்தேன். இப்போது அவள் பலகையின் நுனி வரை போய், அது தரையைத் தொடும் வரை நின்று, முன்கால் இரண்டையும் தரையில் வைத்துப் பின்கால் பலகையில் இருக்க என் முகத்தைப் பார்க்கிறாள். நான் "ஓகே" என்றால்தான் இறங்குவாள். போட்டிச் சீசா, டாக் வாக், ஏ ஃபிரேம் மூன்றிலும் முனைகள் தனி நிறத்தில் இருக்கும், நாய் அந்தப் பகுதியில் பாதம் வைத்தே இறங்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. டாக் வாக் என்பது 30 செ.மீ. அகலப் பலகையில் ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் நடப்பது, ஏ ஃபிரேம் என்பது A எழுத்து மாதிரி சாய்த்து நிறுத்திய இரண்டு பலகை, அதைவிட உயரம். அவை இரண்டையும் வீட்டில் செய்ய முயலாதீர்கள், நன்றாகக் கட்டிய, வழுக்காத சாமான் இருக்கிற பயிற்சி இடத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

உடம்பைச் சூடாக்குவது நாய்க்கும் வேண்டும். கயிற்றோடு ஐந்து நிமிடம் வேக நடை, கொஞ்சம் மெல்லோட்டம், இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் இரண்டு சுற்று, பின்னோக்கி நாலு அடி. முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் மெதுவாக நடை. நகம் நீளமாக இருந்தால் அன்று ஓட்டம் கிடையாது. சாப்பிட்ட உடனே கிடையாது, முக்கியமாக நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு. சிமென்ட் தரையில் தாண்டவிடுவது கிடையாது. ட்ரீட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள்.

வெயிலைப் பற்றி இதையெல்லாம்விட அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை, சூட்டை நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். நாயின் சாதாரண வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டு பிடித்துப்போன நாய் தானாக நிறுத்தாது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்கிற மாதிரி, நாக்கு தரையைத் தொட்டாலும் இன்னொரு தடவை என்று வந்து நிற்கும். நிறுத்த வேண்டியது நாம். நாக்கின் நுனி அகன்று கரண்டி மாதிரி ஆனால் எங்களுக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் சீக்கிரமே நிறுத்த வேண்டும்.

வயதான நாய், அல்லது இடுப்பு மூட்டு சரியில்லாத நாய் வைத்திருக்கிறவர்கள் இது நமக்கில்லை என்று போய்விடாதீர்கள். தரையில் கிடக்கிற கம்புகளைக் காலைத் தூக்கித் தூக்கிக் கடப்பது, நேரான டன்னல், தடைகளைச் சுற்றிக் கூடவே நடப்பது எல்லாமே மெதுவாகச் செய்யலாம். அந்த அக்காவின் மூத்த நாய்க்குப் பதிமூன்று வயது. கம்பு தரையில் இருக்க, அவரும் அதுவும் நடந்தே ஒரு சுற்று முடிப்பதை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். முடிந்ததும் அது அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

இப்போது எங்களுக்கு ரியர் கிராஸ்தான் நடந்துகொண்டிருக்கிறது. நான் பின்னால் குறுக்கே கடக்கும்போது செவலை இன்னும் தலையைத் திருப்பி எங்கே போய்விட்டாய் என்று பார்க்கிறாள், அந்தப் பார்வையிலேயே அரை விநாடி போய்விடுகிறது. போன வாரம் முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டு கம்பங்களைப் பிடுங்கி, ஜம்பைக் கழற்றிக் கட்டினேன். டன்னலை மட்டும் மடிக்க முடியவில்லை, அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மணல் மூட்டைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவளாக வெளியே வரும் வரை வாசல் பக்கம் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.